விரைவுக் கார்களின் வரவு செலவு

ஒன்றைப் பல்லாயிரமாகச் செய்து மலிவாக விற்பதே இக்காலத் தொழிற்சாலைகளின் இயல்பு. நூலாயினும் துணியாயினும் ஊர்தியாயினும், தொகை பெருகப் பெருக ஒவ்வொன்றன் அடக்க விலையும் குறையும் என்பது கடைத்தெருவில் நிற்கும் சிறுவனும் அறிந்த செய்தி. அவ்வாறிருப்ப, ஆண்டுதோறும் லட்சக்கணக்கான எளிய கார்களைக் குடும்பத்தார்க்கு விற்று வாழும் கம்பெனி ஒன்று, அக்காரின் வடிவிலேயே, ஆனால் பன்மடங்கு ஆற்றலும் விலையும் உடையதாய், ஐந்நூறோ ஆயிரமோ செய்து அத்துடன் நிறுத்திக்கொள்வதை உலகில் பலகாலும் காண்கின்றோம்.

இஃது என்ன பேதைமை என்று வணிக நூல் கற்றோர் வினவுவர். இஃது எத்துணைப் பெருமை என்று விரைவில் வேட்கை கொண்டோர் வியப்பர். இரு சாராரும் கணக்கேட்டைத் திறந்து நோக்குவதில்லை. அவ்வேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். எமது கருத்தை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம். இத்தகைய காரின் கணக்கு அக்காருள்ளேயே முடிவதன்று. அதனோடு உடன்பிறந்த எளிய காரின் கணக்கோடு சேர்த்தே அதனைப் பார்த்தல் வேண்டும். இரண்டற்கும் உள்ள உறவு எவ்வளவு நெருங்கியதோ அவ்வளவிற்குச் செலவு தக்க செலவாகும். உறவு பெயரளவில் நின்றுவிடின், அது வெறும் ஆடம்பரமாகும்.

முதலில் செலவின் தன்மையை ஆராய்வோம். கார் செய்தற்கு இருவகைச் செலவு உண்டு. இரும்பு, ரப்பர், கண்ணாடி, கூலி முதலியன கார்தோறும் நேர்வன. வரைபடம், சோதனை, தகட்டை அழுத்தி உடலை வடிக்கும் பேரச்சுகள், எஞ்சின் வார்க்கும் அச்சுகள், அரசாங்கச் சான்று முதலியன ஒருமுறையே நேர்வன. பின்னவை ஒரு கார் செய்யினும் உண்டு. லட்சம் செய்யினும் உண்டு. ஒரு பேச்சுக்கு இவ்வொருமுறைச் செலவு 10 கோடி ரூபாய் என்று கொள்வோம். அதனை லட்சம் கார்களின்மேற் பரப்பினால் காருக்கு 1,000 ரூபாய் விழும். 500 கார்களின்மேற் பரப்பினாலோ 2 லட்சம் ரூபாய் விழும். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்னும் பழமொழி இச்சிறுதொகைக் கார்களுக்கென்றே பிறந்தது போலும்!

இச்சுமையைத் தாங்க மூன்று வழிகளே உண்டு. புதிதாக அச்சு வெட்டாமல் உள்ள உறுப்புகளைக் கொண்டே திறம் பெருக்குதல் ஒன்று. நட்டத்தை விளம்பரம் முதலிய வேறு கணக்கில் எழுதுதல் மற்றொன்று. வாங்குவோன் தலையிலேயே முழு விலையையும் ஏற்றுதல் பிறிதொன்று. இம்மூன்றையும் நிரலே காண்போம்.

அதற்குமுன், ஐந்நூறு, ஆயிரம் என்னும் எண்கள் எங்கிருந்து வந்தன என்று அறிதல் நலம். அவை பெரும்பாலும் வணிகர் வகுத்த எண்கள் அல்ல. பந்தயம் நடத்தும் சங்கங்கள் விதித்த எண்கள். மக்கள் வாங்கக்கூடிய கார்களே ஓடவேண்டிய பந்தயத்தில், பந்தயத்திற்கென்றே ஒன்றிரண்டு கார்களைச் செய்து கொணர்ந்து ஒருவன் வென்றுவிடலாகாது. ஆதலின், இத்தனை கார்கள் விற்பனைக்குச் செய்யப்பட்டன என்று மெய்ப்பித்தாலன்றி அக்கார் களத்தில் இறங்கலாகாது என்று விதி செய்தனர். இதனை மேலைநாட்டார் ஹோமோலோகேஷன் என்பர். நாம் ஒப்புகை எனலாம். அவ்வெண் காலத்திற்கும் வகுப்பிற்கும் ஏற்ப மாறியது. 1960களில் ஒரு வகுப்பிற்கு 1,000 கார்கள்; 1980களில் 'பி' வகுப்பிற்கு 200, 'ஏ' வகுப்பிற்கு 5,000. பந்தயத்தில் வெல்லவேண்டும் என்னும் ஆசையே கம்பெனியைச் சிறுதொகைக் கார் செய்யத் தூண்டிற்று. விதியோ எத்தனை செய்வது என்பதை முடிவுசெய்தது.

இனி முதல் வழிக்கு வருவோம். 1959ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் மினி என்னும் சிறு காரை வெளியிட்டது. அலெக் இஸிகோனிஸ் என்னும் வினைவல்லார் வகுத்த அக்காரின் எஞ்சின் 848 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 34 குதிரைத்திறனும் உடையது. எளியோர்க்கென்று செய்த அக்காரில் ஒரு பந்தயக் குதிரை மறைந்திருப்பதைக் கண்டவர் ஜான் கூப்பர் என்பார். அவருடைய பந்தயக் கார்களைச் செலுத்தியே ஜாக் பிராபம் 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலக வெற்றி பெற்றார். அவர் கம்பெனியாரை அணுகித் தம் கருத்தை உரைத்தபோது, ஒப்புகைக்கு வேண்டிய ஆயிரம் கார்களும் விலைபோகுமா என்று தலைவர் ஜார்ஜ் ஹாரிமன் ஐயுற்றார் என்பர். எனினும் இசைந்தனர். கூப்பருக்குக் காருக்கு இரண்டு பவுன் உரிமைத் தொகை என்று ஒப்பந்தம் ஆயிற்றென்ப.

1961இல் வெளிவந்த மினி கூப்பரில் 997 கன சென்டிமீட்டர் எஞ்சினும் 55 குதிரைத்திறனும் முன்சக்கரங்களுக்கு வட்டத்தட்டுத் தடைகளும் இருந்தன. உடலோ அதே உடல், பேரச்சுகளும் அவையே. புதிதாக நேர்ந்த செலவு எஞ்சினைத் திருத்தியதும் தடைகளை மாற்றியதுமே. அக்குறுங்கார் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலிப் பந்தயத்தில் பெருங்கார்களைப் பின்னிறுத்தி வென்றது. ஆயிரம் விற்குமா என்று ஐயுற்ற கார் ஒரு லட்சத்திற்கு மேலாக விற்றது. 1971இல் புதிய நிர்வாகத்தார் கூப்பருடன் இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டனர். ஆயினும் 1990இல் அப்பெயரை மீண்டும் அழைக்க நேர்ந்தது, 2001இல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி புதிய மினியை வெளியிட்டபோதும் ஆற்றல் மிக்க வகைக்குக் கூப்பர் என்றே பெயரிட்டது. இரண்டு பவுன் மிகையோ குறையோ என்பதைக் காலமே கணக்கிட்டுக் காட்டிவிட்டது.

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் கம்பெனியில் நிகழ்ந்ததும் இத்தகையதே. 1974இல் கோல்ஃப் என்னும் குடும்பக் கார் வெளிவந்தது. அக்கம்பெனியின் அலுவலர் சிலர், மேலிடத்தின் முறையான ஆணையை எதிர்பாராமலே, அதற்கு விரைவுடைய உடன்பிறப்பொன்றை ஆக்கினர். ஆடி கம்பெனியின் காரொன்றில் முன்னரே இருந்த 110 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்துக்கொண்டனர், சுருள்வில்லைத் தாழ்த்தினர், முகப்பில் செங்கோடு ஒன்று தீட்டினர். ஒப்புகைக்காக 5,000 கார் செய்தால் போதும் என்பதே 1976இல் கம்பெனியின் மதிப்பீடு. அம்முதல் தலைமுறைக் கோல்ஃப் ஜி.டி.ஐ. விற்றதோ 4,60,000க்கு மேல்! ஐயாயிரம் என்று விதைத்தது தொண்ணூறு மடங்காக விளைந்தது. இவ்விளைவிற்குக் காரணம் அதன் விரைவு மட்டும் அன்று. அதே வரிசையில், அதே தொழிலாளரால், அதே அச்சுகளைக் கொண்டு செய்யக்கூடியதாய் அஃது இருந்தமையே. தேவை பெருகியபோது கம்பெனி புதிய முதலீடின்றிச் செய்தொகையைப் பெருக்க முடிந்தது. உறவு நெருங்கியிருந்தமையால் நன்மையும் நெருங்கி வந்தது.

இரண்டாம் வழி நட்டத்தை வேறு கணக்கில் எழுதுவது. இதற்குப் பிரெஞ்சு நாட்டுப் பேஜோ கம்பெனியின் 205 சிறந்த சான்று. 1983இல் வந்த அவ்வெளிய கார், தளர்ந்திருந்த கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. அதன் பெயரில் 205 டி16 என்று 200 கார்கள் செய்து, 1985, 1986 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலக ராலிப் பட்டத்தைக் கம்பெனி வென்றது. இந்த டி16 முகத்தால் மட்டுமே 205. எளிய காரில் எஞ்சின் முன்னே. இதிலோ ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே. எளிய காரில் முன்சக்கரங்கள் இழுக்கும். இதில் நான்கு சக்கரங்களும் உந்தும். ஆகவே இவ்விருநூறு கார்களும் தம் விலையால் தம் செலவை ஈடுசெய்தல் இயலாது. ஈடுசெய்தது எது? 50 லட்சத்திற்கு மேல் விற்ற எளிய 205ஏ ஆகும். ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு டி16க்கும் லட்சம் பிராங்கு நட்டம் என்று கொள்வோம். மொத்தம் 2 கோடி பிராங்கு. 50 லட்சம் கார்களுக்குப் பங்கிட்டால் காருக்கு 4 பிராங்கு. பந்தயச் செலவையும் சேர்த்து இதனைப் பன்மடங்காக்கினாலும், செய்தித்தாள்களில் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்வதினும் இது பெரிதன்று என்பது கம்பெனியின் கணக்கு.

இக்கணக்கு சரியே; ஆனால் எளிய கார் பெருந்தொகையாக விற்றாலன்றிச் சரியாகாது. மேலும், விதி மாறாது என்னும் நம்பிக்கையும் இதன் அடியில் உள்ளது. அந்நம்பிக்கை பொய்த்தபோது நேர்ந்தது என்ன என்பதை இங்கிலாந்தில் காண்கின்றோம். ஆஸ்டின் ரோவர் கம்பெனி தன் மெட்ரோ என்னும் சிறு காரின் பெயரால் 6ஆர்4 என்ற இருநூற்றை 1985இல் செய்து முடித்தது. இதற்கென்றே ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைப் புதிதாக வகுத்தனர். அடுத்த ஆண்டு மார்ச்சில் போர்ச்சுகல் ராலியில் கார் ஒன்று பார்வையாளர் கூட்டத்திற் பாய்ந்தது. மே மாதத்தில் கார்சிகாத் தீவில் ஹென்ரி தொய்வோனனும் அவர் துணைவர் செர்ஜியோ கிரெஸ்தோவும் தீயில் மாண்டனர். உடனே 'பி' வகுப்பை அவ்வாண்டோடு ஒழித்துவிடுவதாகச் சங்கத்தார் அறிவித்தனர். உயிரை நோக்க அம்முடிவு நேரியதே. ஆனால் ஓட இடமின்றி நின்ற 6ஆர்4 கார்களைக் கம்பெனி விலை தாழ்த்தி விற்க நேர்ந்தது. அவ்வெஞ்சினின் உரிமை பிறர் கைக்குச் சென்று, திருத்தம் பெற்று, பின்னர் ஜாகுவார் எக்ஸ்.ஜே.220 என்னும் பெருவிலைக் காரில் அமர்ந்தது. மெட்ரோ வாங்கிய குடும்பத்தார்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அமெரிக்காவிலும் இவ்வாறே ஒரு செய்தி. 1970ஆம் ஆண்டில் நாஸ்கார் பந்தயச் சங்கம் ஒப்புகை எண்ணை உயர்த்தி, இரண்டு விற்பனையாளருக்கு ஒரு கார் என்னும் கணக்கில் செய்தல் வேண்டும் என்றது. பிளிமத் கம்பெனி அதன்படி 1,900க்கு மேற்பட்ட சூப்பர்பேர்டு கார்களைச் செய்தது. கூர்மூக்கும், பின்புறம் வானளாவ எழுந்த சிறகும் உடைய அக்கார்கள் களத்தில் பறந்தன, கடையில் அசையவில்லை. சில விற்பனையாளர் மூக்கையும் சிறகையும் கழற்றிவிட்டுச் சாதாரணக் காராக்கி விற்றனர். 1971இல் அத்தகைய கார்களின் எஞ்சின் அளவைச் சங்கம் குறுக்கவே, அவை களத்தையும் இழந்தன. இன்று அவையே ஏலங்களில் லட்சக்கணக்கான டாலருக்குப் போகின்றன. ஆனால் அன்று சுமந்தவன் ஒருவன். இன்று சுவைப்பவன் வேறொருவன். செய்த கம்பெனிக்கோ தாங்கிய விற்பனையாளருக்கோ இன்றைய விலையில் ஒரு காசும் சேராது. பழம்பொருளாகிப் பெற்ற விலையைக் காட்டி, 'பார்த்தீர்களா, இக்கார் நல்ல வணிகம்' என்று கூறுவோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

இவ்விரு வழிகளுக்கும் இடைப்பட்டது ஃபோர்டு கம்பெனி 1986இல் வெளியிட்ட சியரா ஆர்.எஸ். காஸ்வொர்த். சியரா குடும்பக் கார். அதனைப் பந்தயத்திற்கு உரியதாக்க 'ஏ' வகுப்பின் விதிப்படி 5,000 வேண்டும். எஞ்சினைத் திருத்தித் தருமாறு காஸ்வொர்த் கம்பெனியை அணுகியபோது, 15,000 எஞ்சினுக்குக் குறைந்து வாங்கலாகாது என்று அவர்கள் நிபந்தனை விதித்தனர். கேட்டது ஐயாயிரம், கிடைத்தது பதினையாயிரம். எஞ்சின் செய்வோனுக்கும் அச்சுச் செலவு உண்டன்றோ? அவன் தன் சுமையைப் பரப்ப இடம் தேடுகின்றான். மிஞ்சிய பதினாயிரம் எஞ்சின்களுக்கு இடம் காணவேண்டியிருந்ததும் ஒரு காரணமாக, நான்கு கதவுடைய அமைதியான தோற்றமுள்ள காஸ்வொர்த் ஒன்று 1988இல் பிறந்தது. பந்தய விதியோடு தொடர்பற்ற அக்கார் குடும்பத்தாரையும் அலுவலரையும் கவர்ந்து, கணக்கை நேராக்கியது. ஆயினும் எவரும் எதிர்பாராத வேறொரு செலவு முளைத்தது. இக்கார்களின்மேல் திருடர்க்கும் பேராசை பிறந்தமையால் இன்ஷூரன்ஸ் தொகை ஏறிற்று. வாங்கும் விலையைத் தாங்கியவரும் காக்கும் விலையைத் தாங்கமாட்டாது விற்றுவிட்டனர். ஒரு காரின் விலை அதன் சீட்டில் எழுதிய விலையோடு முடிவதில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

மூன்றாம் வழி விலையை உயர்த்துதல். அரிய பொருளுக்கு அரிய விலை தருவாரும் உளர். ஜப்பானின் சுபாரு கம்பெனி 1998இல் இம்ப்ரெஸா 22பி என்ற காரைத் தன் நாட்டிற்கு 400 மட்டுமே செய்து, காருக்கு 50 லட்சம் யென் கேட்டது. மிக விரைவில் யாவும் விற்றுத் தீர்ந்தன. களத்தில் பெற்ற வெற்றியை நினைவுகூரச் செய்த கார் ஆதலின் அதற்கு ஒரு பொருள் உண்டு. ஆனால் இவ்வழி பழகப் பழகத் தீயதாகின்றது. விதி கேட்டதால் ஐந்நூறு என்றிருந்த எண்ணை, விலை ஏற்றுவதற்காக ஐந்நூறு என்று கம்பெனியாரே புனையத் தொடங்குகின்றனர். காரின் உள்ளே எண் பொறித்த செப்புத்தகடு ஒன்றை ஆணியடித்து, அத்தகட்டிற்கே பெருவிலை கேட்கின்றனர். வாங்கியவனும் அதனை ஓட்டுவதில்லை. கொட்டகையில் வைத்துப் போர்வை போர்த்தி, விலை ஏறும் நாளை எதிர்நோக்கியிருக்கின்றான். ஓடாத விரைவுக் கார், படிக்காத நூல் போன்றது. இதனால் தொழிலாளி கற்றது ஒன்றுமில்லை. எளிய காருக்கு வந்த நன்மையும் ஒன்றுமில்லை.

வேறொரு போலியும் உண்டு. கார் இறங்கி வாராமல் பெயர் மட்டும் இறங்கி வருவது. பி.எம்.டபிள்யூ. கம்பெனி 1986இல் எம்3 என்ற காரை ஒப்புகைக்குரிய 5,000 என்று தொடங்கி, ஏறத்தாழ 18,000 விற்றது. 'எம்' என்ற ஓரெழுத்து அதனாற் பெருமதிப்பு எய்தியது. பின்னர் அவ்வெழுத்தைச் சாதாரண எஞ்சின் உடைய கார்களின் அணிகலனாகவும் ஒட்டி விற்றனர். நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் செய்யப்பட்டு 2021இல் வெளிவந்த ஹூண்டாய் ஐ20 'என் லைன்' காரும் அவ்வகையதே. ஐரோப்பாவில் விற்ற ஐ20 'என்' காருக்கு 204 குதிரைத்திறன் இருக்க, இதிலோ சாதாரண ஐ20இன் டர்போ எஞ்சினே இருந்தது. இது குற்றமன்று, உறுப்பைப் பகிர்வதுபோலப் பெயரைப் பகிர்வதும் வணிகமே. ஆனால் பெயர் என்பது வங்கியில் இட்ட முதல் போன்றது. எடுத்துக்கொண்டே இருந்து போடாது விடின் ஒருநாள் வற்றிவிடும்.

உறவு முதலில் இல்லாவிடினும் பின்னர் ஆக்கிக்கொள்ளலாம் என்பதற்கு டொயோட்டா கம்பெனியின் ஜி.ஆர். யாரிஸ் சான்றாகும். 2020இல் வந்த இக்கார், பெயரால் யாரிஸ் ஆயினும், மூன்று கதவுடைய தனி உடலும், மூன்று சிலிண்டரில் 261 குதிரைத்திறன் எழுப்பும் தனி எஞ்சினும், நான்கு சக்கர உந்தமும் உடையது. அக்காலத்து ராலி விதி கேட்டதோ 25,000 கார்கள். அதனை அடியாகக் கொண்டு செய்யவிருந்த ராலிக் கார் களம் காணவேயில்லை. 2022இல் விதியும் மாறிவிட்டது. மெட்ரோவிற்கு நேர்ந்த கதி இதற்கும் நேர்ந்திருக்கலாம். நேரவில்லை, என்னை? அவ்வெஞ்சினையே ஜி.ஆர். கொரோலா என்னும் வேறொரு காரிலும் அமைத்துச் செலவைப் பரப்பினர். மேலும் மோட்டோமாச்சி ஆலையில் இதற்கென ஒரு தனிக்கூடம் அமைத்தனர். ஓடும் பட்டையில் நொடிக்கணக்கில் வேலை செய்வதை விடுத்து, கைதேர்ந்த தொழிலாளர் தனித்தனிப் பகுதிகளில் நின்று காரைத் துல்லியமாகப் பொருத்துகின்றனர். அங்குப் பழகிய கைத்திறன் ஏனைய கார்களுக்கும் பயன்படும். கணக்கேட்டில் எழுத முடியாத வரவுகளுள் இஃதொன்று என்று யாம் கருதுகின்றோம்.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. அதுவும் நம் தமிழகத்துக் கோயம்புத்தூரோடு தொடர்புடையது. பந்தயக் கார்களில் நீண்ட பழக்கமுடைய அந்நகரத்து ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாட்டா மோட்டார்ஸும் 2017இல் சரிபாதியாகக் கூட்டுச் சேர்ந்தன. 2018இல் டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி. என்னும் இரு கார்கள் வெளிவந்தன. எளிய டியாகோவின் உடலில், அக்கம்பெனியின் நெக்ஸான் காரில் முன்னரே இருந்த 1,200 கன சென்டிமீட்டர் டர்போ எஞ்சினைத் திருத்தி அமைத்தனர். டியாகோ ஜே.டி.பி.யின் தொடக்க விலை 6 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய். நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1,200 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினும் உடைய கார்க்கு நம் நாட்டில் வரி குறைவு, அவ்வரம்பையும் கடக்கவில்லை. மேலே கூறிய முதல் வழியின் இலக்கணம் யாவும் இதில் அமைந்திருந்தன. எனினும் 2020 ஏப்ரலில் புகை பற்றிய பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தபோது இக்கார்கள் நின்றுவிட்டன. புதிய விதிக்கு ஏற்பச் சோதித்துச் சான்று பெறும் செலவு ஒருமுறைச் செலவன்றோ? பெருந்தொகைக் கார் அதனை எளிதில் தாங்கும். சிறுதொகைக் கார்க்கு அது குருவி தலையிற் பனங்காய்.

இங்கு ஒரு தடை எழும். நம் நாட்டில் கார் ஏறாத வீடுகளே மிகுதி. காற்றும் மாசடைந்து வருகின்றது. இந்நிலையில் விரைவுக் கார் தேவையா என்று வினவுவர். வினா நியாயமானது. ஐரோப்பாவில் ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரிப் புகை வரம்பை மீறினால், மிகும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும், 95 யூரோ தண்டம் என்று விதித்துள்ளனர். ஆகவே ஒரு விரைவுக் கார் இன்று கம்பெனி முழுமையின் கணக்கிலும் சுமையாக ஏறுகின்றது. ஃபோர்டு கம்பெனி ஃபோகஸ் ஆர்.எஸ். காரின் அடுத்த தலைமுறையை 2020இல் கைவிட்டமைக்கும் இப்புகை விதிகளே காரணம். இது தக்கதே என்பது எம் எண்ணம். ஊரார் மூச்சில் கலக்கும் செலவையும் கணக்கில் எழுதியபின்னர் எந்தக் கார் நிலைநிற்குமோ, அதுவே உண்மையில் ஊதியம் தரும் கார்.

ஆனால் 'சிலர்க்கே உரியது. ஆகவே வேண்டா' என்னும் முடிவை யாம் ஏற்கவில்லை. இதில் எமக்குச் சொந்த வழக்கு ஒன்றும் உண்டு. எம்மனோர் பயிலும் தமிழ் ஆனர்ஸ் வகுப்பின் மாணவர் தொகை கைவிரல்களில் அடங்கிவிடும். ஆசிரியர் ஊதியத்தையும் நூல்நிலையச் செலவையும் எம் தலைகளுக்கு வகுத்துப் பார்ப்பின், எம்மில் ஒவ்வொருவரும் பெருவிலைக் காராகவே தோன்றுவோம். எம் வகுப்பிற்கு என்ன பயன் என்று கணக்கர் வினவினால், 'நாங்கள் அரியர்' என்பது விடையாகாது. அது செப்புத்தகட்டைக் காட்டுவதாகும். 'எம் கல்லூரிக்குப் பெருமை' என்பதும் போதாது. அது விளம்பரக் கணக்கு. யாம் கற்ற தொல்காப்பியமும் சங்க நூலும் நாளை ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பாடத்தில் இறங்கிவந்து அதனைத் தெளிவாக்கினால், அன்றே எம்மேற் செய்த செலவு ஈடாகும். ஆனர்ஸ் வகுப்பும் பொது வகுப்பும் ஒரே உடலின் இரு வடிவங்களாய் இருக்கும்வரை எம் வகுப்பை எவரும் ஆடம்பரம் எனல் இயலாது. அவ்வுறவை அறாமற் காப்பது எம் கடன்.

கார்களுக்கும் அதுவே அளவுகோல். சிறுதொகைக் கார் ஒன்றைக் காணுந்தோறும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இதன் எண்ணை வகுத்தது விதியா, தேவையா, பேராசையா? இதற்கும் தெருவில் ஓடும் எளிய காருக்கும் பொதுவாயுள்ளது முகமா, உறுப்பா? இதனைச் செய்ததால் தொழிலாளி புதிதாகக் கற்றது என்ன? இவற்றிற்கு நேரிய விடை தரும் கார் நட்டத்தில் ஓடினும் செல்வமே. தாராத கார் ஊதியம் ஈட்டினும் வீணே. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் பெரியோர். போடாதே என்று அவர்கள் சொல்லவில்லை; அளக்கும் படியைக் கையில் வைத்துக்கொள் என்றே சொன்னார்கள்.